கிட்டாரைக் கீழே வைத்த பாடகி: மிட்ஸ்கியின் பிம்பம் மாறிய விதம்

2023 மார்ச்சில் 'நாட்டு நாட்டு' ஆஸ்கர் வாங்கியதை நம்மில் பலர் விடியற்காலையில் எழுந்து பார்த்திருப்போம். அன்று அதே பிரிவில் போட்டியிட்ட ஐந்து பாடல்களில் ஒன்று 'திஸ் இஸ் எ லைஃப்'. 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்காக சன் லக்ஸ் குழுவின் ரயன் லாட், பாடகர் டேவிட் பர்ன், ஜப்பானிய அமெரிக்கப் பாடகி மிட்ஸ்கி மூவரும் சேர்ந்து உருவாக்கியது. படத்தில் அதைப் பாடியவர்கள் பர்னும் மிட்ஸ்கியும். விழா மேடையில் பர்ன் இருந்தார், சன் லக்ஸ் இருந்தது. மிட்ஸ்கியின் பகுதியைப் பாடியவர் அந்தப் படத்தில் நடித்த ஸ்டெஃபனி ஷூ. மிட்ஸ்கி மேடையில் இல்லை.

2014 வாக்கில் நியூயார்க்கின் சின்னச் சின்ன இடங்களில் கிட்டாரை மாட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தவர் அவர். 2023-க்குள் உலகம் முழுக்கத் தெரிந்த குரல் ஆகிவிட்டார். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தது முன்பைவிடக் குறைந்திருந்தது. இடைப்பட்ட வருடங்களில் நடந்ததைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப்போகிறோம்.

தனியிசைக் கலைஞர் ஒருவருக்குக் கூட்டம் பெருகும்போது நடக்கும் மாற்றத்தைப் பற்றி வழக்கமாக ஒரே கதைதான் சொல்வார்கள். ஆரம்பத்தில் உண்மையாக இருந்தார், பணம் வந்தது, பெரிய கம்பெனி மெருகு போட்டது, பழைய ரசிகர்கள் மனம் உடைந்தார்கள். மிட்ஸ்கியின் விஷயத்தில் இந்தக் கதை பொருந்தவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் மேடையில் காட்டிய உருவம், தன் முன்னால் இருந்த கூட்டத்தின் அளவுக்கு அவர் கண்டுபிடித்த பதில் என்றே எனக்குப் படுகிறது. அந்தப் பதில்கள் எல்லாம் பலித்தன என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடங்களில் அவர் கையை மீறிப் போனது. அதையும் பார்ப்போம்.

ஆர்கெஸ்ட்ராவில் தொடங்கியவர்

மிட்ஸ்கி மியாவாக்கி 1990-இல் ஜப்பானில் பிறந்தவர். அம்மா ஜப்பானியர். அப்பா அமெரிக்கர், அந்த நாட்டு வெளியுறவுத் துறையில் வேலை. அதனால் துருக்கி, சீனா, மலேசியா, செக் குடியரசு, காங்கோ என்று ஊர் ஊராக மாறிய சிறுவயது. நியூயார்க்கில் முதலில் சினிமா படிக்கச் சேர்ந்து, பிறகு அரசுப் பல்கலைக்கழகத்தின் பர்ச்சேஸ் வளாகத்தில் இருக்கும் இசைக் கல்லூரிக்கு மாறினார். அங்கே படித்தது இசையமைப்பு. இன்றுவரை அவருடைய ஆல்பங்களைத் தயாரிக்கும் பேட்ரிக் ஹைலண்டைச் சந்தித்ததும் அங்கேதான்.

முதல் இரண்டு ஆல்பங்களான 'லஷ்' (2012), 'ரிட்டயர்ட் ஃப்ரம் சேட், நியூ கரியர் இன் பிசினஸ்' (2013) இரண்டும் கல்லூரிப் படிப்பின் பகுதியாகச் செய்தவை. இரண்டையும் கேட்டால் பியானோதான் முன்னால் நிற்கும். இரண்டாவதில் மாணவர்களின் ஆர்கெஸ்ட்ராவே இருக்கிறது.

இந்த விவரத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிட்ஸ்கியின் பழைய ரசிகர்கள் 'அந்தக் காலத்து மிட்ஸ்கி' என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது கிட்டாரோடு நிற்கும் பெண்ணை. ஆனால் அது அவருடைய முதல் உருவமே இல்லை. கல்லூரிக்குள் ஸ்டூடியோவும் இருக்கும், வாசிக்க ஆட்களும் இருப்பார்கள். கல்லூரி முடிந்து வெளியே வந்தால் ஆர்கெஸ்ட்ராவுக்கு யார் சம்பளம் கொடுப்பது? ஒரு வீட்டின் நிலவறையிலோ மதுக்கடையின் பின்னறையிலோ நாற்பது பேர் முன்னால் பாட வேண்டுமானால் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறக்கூடிய ஒரு வாத்தியம் வேண்டும். சின்ன அறைக்கு ஏற்ற கருவி கிட்டார்.

சின்ன அறை, பெரிய சத்தம்

2014 நவம்பரில் வந்த 'பரி மீ அட் மேக்அவுட் க்ரீக்' அந்தக் கருவியின் ஆல்பம். வெளியிட்டது 'டபிள் டபிள் வாமி' என்ற சிறு லேபிள் (இசை வெளியிடும் நிறுவனம்), அதே பர்ச்சேஸ் மாணவர் வட்டத்தில் முளைத்தது. பியானோவும் வயலின்களும் போய், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டார் வந்தது. பாடல்களின் எலும்புக்கூடு மட்டும் மாறவில்லை. இசையமைப்பு படித்த கை என்பது ஸ்வரங்கள் திரும்பும் இடங்களில் தெரியும். ஆனால் கேட்பவர் காதில் விழுந்தது வேறு: வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண் நமக்கு மட்டும் சொல்கிறாள் என்ற நெருக்கம்.

இந்தக் கட்டத்தின் பிம்பத்தைப் புரிந்துகொள்ள 2015-இல் என்பிஆர் வானொலியின் 'டைனி டெஸ்க்' நிகழ்ச்சியில் அவர் பாடியதைப் பார்க்கலாம். அலுவலக மேஜைக்குப் பின்னால் தனியாக, ஒரே ஒரு கிட்டாரோடு நிற்கிறார். பாடியதில் ஒன்று 'கிளாஸ் ஆஃப் 2013', அம்மாவைப் பார்த்துப் பேசும் பாட்டு. முடியப்போகும் இடத்தில் கிட்டாரை முகத்துக்கு நேராகத் தூக்கி, கம்பிகளின் அதிர்வை மின் ஒலியாக்கும் அதன் பிக்கப்புக்குள் அலறுகிறார். குரல் கம்பிகளின் வழியாக, நசுங்கி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளியே வருகிறது. ஒளிவுமறைவில்லாத வலி என்று எல்லோரும் பேசினார்கள். எனக்கும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மயிர்க்கூச்செறியும். அதே சமயம் அது மிகத் துல்லியமாக யோசித்த ஒரு மேடைச் செயல். மைக் ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது குரலை எதன் வழியாக அனுப்பினால் எப்படிக் கேட்கும் என்று தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். உணர்ச்சியும் கைத்திறமையும் சேர்ந்த இடம் அது. ரசிகர்கள் உணர்ச்சியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

சின்ன அளவில் இதனால் பிரச்சினை ஒன்றும் இல்லை. கச்சேரி முடிந்ததும் டி-சர்ட் விற்கும் மேஜையில் பாடியவரே நிற்பார், இரண்டு வார்த்தை பேசலாம். நாற்பது பேரோடு அது நட்பு மாதிரி. நான்காயிரம் பேர் அதே நெருக்கத்தை எதிர்பார்த்தால் பேசும் தரப்பு ஒன்று, பதில் சொல்ல முடியாத தரப்பு இன்னொன்று என்று ஆகிவிடும்.

2016 ஜூனில் 'ப்யூபர்ட்டி 2' வந்தபோது லேபிள் மாறியிருந்தது. புதியது 'டெட் ஓஷன்ஸ்'. அதுவும் சுயாதீன லேபிள்தான், ஆனால் வீச்சு பெரியது. அந்த ஆல்பத்தின் 'யுவர் பெஸ்ட் அமெரிக்கன் கேர்ள்' அவரை விமர்சகர்களின் மேஜைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. ஒரு அமெரிக்கப் பையனைக் காதலிக்கும் பெண், அவன் அம்மாவும் தன் அம்மாவும் வளர்த்த விதம் ஒத்துப்போகாது என்று உணரும் பாட்டு. வெள்ளையர்களின் ராஜ்ஜியமாக இருந்த இண்டி ராக்கில் (பெரிய கம்பெனிகளைச் சாராத ராக் இசை) ஓர் ஆசிய அமெரிக்கப் பெண் விட்ட சவால் என்று அதைக் கொண்டாடினார்கள். மிட்ஸ்கி மறுத்துச் சொன்னார்: யாருக்கும் சேதி சொல்ல எழுதவில்லை, காதலித்தேன், எழுதினேன். அந்த மறுப்பு யார் காதிலும் ஏறவில்லை. ரசிகர் கூட்டம் வளர்ந்ததும் பாடகி எதன் பிரதிநிதி என்பதை அந்தக் கூட்டமே முடிவு செய்யத் தொடங்கியது. அவர் கையை மீறிப் போன முதல் இடம் இதுதான்.

2018: கைகள் காலியான வருடம்

2018-இல் நியூஸிலாந்துப் பாப் பாடகி லார்டின் 'மெலோட்ராமா' டூரில் மிட்ஸ்கி தொடக்கக் கச்சேரி செய்தார். வேறொருவரைப் பார்க்க வந்த, அரீனா நிறைய மக்கள். அவர் யாரென்று தெரியாதவர்களே அதிகம். அதே வருடம் ஆகஸ்டில் 'பி த கவ்பாய்' ஆல்பம். பதினான்கு பாடல்கள், மொத்தம் முப்பத்திரண்டு நிமிடம்தான். 'பிட்ச்ஃபோர்க்' என்ற இசை விமர்சன இணைய இதழ் அதை அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது.

இந்த ஆல்பத்தில் அவர் செய்த காரியம் என்னவென்றால், பாட்டில் வரும் 'நான்' யார் என்பதை மாற்றினார். உள்ளே எல்லாம் குமுறினாலும் வெளியே இறுக்கமாக, தன்னைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, அவள் குரலில் பல பாடல்களை எழுதியதாகச் சொன்னார். 'மீ அண்ட் மை ஹஸ்பண்ட்' பாடியபோது இவருக்குக் கணவர் கிடையாது. தலைப்பில் வரும் கவ்பாய், தயங்கும் நேரங்களில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒரு வார்த்தை. யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் அந்த அமெரிக்கத் தெனாவெட்டு, எதற்கெடுத்தாலும் 'ஸாரி' சொல்லப் பழகிய ஓர் ஆசியப் பெண்ணுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனை.

அப்புறம் மேடை. அந்த டூரில் அவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார். வாசிப்பதைக் குழுவிடம் விட்டார். மேடையில் ஒரு வெள்ளை மேஜை, ஒரு நாற்காலி. முழங்காலில் விளையாட்டு வீரர்கள் போடும் பட்டை. மோனிகா மிராபைல் என்ற நிகழ்த்துகலைஞரோடு சேர்ந்து அமைத்த அசைவுகள். மேஜை மேல் படுத்துக் கால்களைக் காற்றில் ஓட்டுவார், நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்வார், ஒரே கை அசைவைப் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்வார். போருக்குப் பிந்தைய ஜப்பானில் பிறந்த பூட்டோ நடனத்தின் சாயலைப் பார்த்தவர்கள் உணர்ந்தார்கள். முகத்தில் பெரும்பாலும் சலனம் இருக்காது.

இந்த முடிவு எவ்வளவு துணிச்சலானது என்பதை இண்டி ராக்கின் பழக்கம் தெரிந்தவர்களால் உணர முடியும். அந்த உலகத்தில் கிட்டார் வாத்தியம் மட்டுமல்ல, நேர்மைக்கான அடையாள அட்டை. தானே எழுதி, தானே வாசித்து, வியர்வையோடு பாடினால்தான் அசல். நடனம் அமைத்து ஆடுவது பாப் நட்சத்திரங்களின் வேலை, ஆகவே செயற்கை. ஒரு பெண் கலைஞர் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. அவர் கையில் கிட்டார் இல்லாவிட்டால் 'வாசிக்கத் தெரியாது போல' என்று நினைக்கத் தயங்க மாட்டார்கள். அந்த அட்டையை மிட்ஸ்கி தானாக முன்வந்து திருப்பிக் கொடுத்தார்.

நான் இதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கிட்டார் வாசிக்கும் விரல்கள் தெரியாது, முகச்சுளிப்பு தெரியாது. உடல் தெரியும். சின்ன அறையில் கத்தல் செய்த வேலையைப் பெரிய அரங்கில் உடம்பு செய்ய வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. ஒரே வலியை வருடத்தில் நூறு இரவு உள்ளேயிருந்து கிளறி எடுத்துப் பாட முடியாது, பாடினால் ஆள் தாங்காது. அமைத்துக்கொண்ட அசைவு இருந்தால் மனம் உடையாமலேயே பாட்டு உடைய முடியும். பார்ப்பவருக்கு ஒன்றும் குறையாது.

பழைய ரசிகர்களுக்கு ஏமாற்றம் இருந்ததை மறுக்கவில்லை. பக்கத்துவீட்டுப் பெண் மாதிரி இருந்தவர் நாடகக்காரி ஆகிவிட்டார் என்ற மாதிரியான வருத்தம். அவர்கள் இழந்தது நிஜமான ஒன்றைத்தான். ஆனால் அதை மிட்ஸ்கி எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. கூட்டம் அந்த அளவுக்கு வந்த பிறகு அதைத் தொடர்வது நடிப்பாகத்தான் இருந்திருக்கும்.

2019: விலகல்

'நோபடி' பாட்டு பிறந்த விதத்தை மிட்ஸ்கி பேட்டியில் சொல்லியிருக்கிறார். இரண்டு டூர்களுக்கு நடுவே, கிறிஸ்துமஸ் புத்தாண்டு நேரத்தில், மலேசியாவில் தனியாக ஒரு வாடகை இடத்தில் தங்கியிருந்தார். பேச ஒரு ஆள் இல்லை. அந்தத் தனிமை தாங்காமல் வந்த பாட்டு அது. டிஸ்கோ தாளத்தில் துள்ளும், ஆனால் சொல்வது 'யாருமே இல்லை' என்பதைத்தான். உலகம் முழுக்கக் கூட்டம் கூடும் ஒருவருக்கு வீடு என்று ஓர் இடம் இல்லாமல் போயிருந்தது.

2019 ஜூனில், செப்டம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடக்கவிருக்கும் கச்சேரிதான் கடைசி, அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என அறிவித்தார். ரசிகர்கள் பதறினார்கள். அவர் விளக்கினார்: ஐந்து வருஷத்துக்கு மேலாக ஓய்வில்லாமல் டூர், அந்தக் காலத்தில் குடியிருக்க ஓர் இடம்கூடக் கிடையாது, இப்படியே போனால் தன் மதிப்பே இந்த ஓட்டத்தில் இருப்பதைப் பொறுத்தது என்று ஆகிவிடும். அந்த வருடமே சமூக ஊடகக் கணக்குகளையும் விட்டு விலகினார். ட்விட்டரில் வேடிக்கையாகவும் சகஜமாகவும் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பிறகு நாஷ்வில் நகரத்துக்குக் குடிபோனார்.

இசையையே விட்டுவிடுவது என்ற எண்ணமும் இருந்திருக்கிறது. ஒப்பந்தப்படி லேபிளுக்கு இன்னும் ஓர் ஆல்பம் பாக்கி இருந்தது என்பதைப் பின்னால் பேட்டிகளில் மறைக்காமல் சொன்னார். மற்றவர்கள் தங்கள் துயரத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டும் இடமாகத் தான் ஆகிவிட்டதாகவும், தானே ஒரு விற்பனைப் பொருளாக ஆகிவிட்டதாகவும் அந்தப் பேட்டிகளில் பேசியிருக்கிறார். அதில் கசப்பைவிடக் களைப்புதான் எனக்குத் தெரிந்தது.

அவர் இல்லாதபோது வளர்ந்த மிட்ஸ்கி

இந்த ஆய்வின் மிக விசித்திரமான கட்டம் இனிமேல்தான். பாடகி காணாமல் போனார், கூட்டம் பல மடங்கு ஆனது.

பெருந்தொற்றுக் காலத்தில் டிக்டாக்கில் 'வாஷிங் மெஷின் ஹார்ட்', 'நோபடி', 'மீ அண்ட் மை ஹஸ்பண்ட்', 'ஸ்ட்ராபெரி பிளாண்ட்' எல்லாம் பரவின. அவரோ அவருடைய குழுவோ தள்ளிவிட்டதால் அல்ல. வீட்டில் அடைபட்ட பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் எடுத்துப் போட்டதால். இவர்களில் பலர் சென்ட்ரல் பார்க் கச்சேரி நடந்தபோது அவர் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள்.

டிக்டாக் ஒரு பாட்டை என்ன செய்யும் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாட்டிலிருந்து சில விநாடிகள் வெட்டப்படும். அதற்கு முன்னால் பாடியவள் எப்படிப்பட்டவள், யாரிடம் சொல்கிறாள் என்பது போய்விடும். வெட்டிய துண்டில் வரும் 'நான்' காலியாக இருக்கும், யார் வேண்டுமானாலும் தன் முகத்தை அதில் வைத்துக்கொள்ளலாம். 'பி த கவ்பாய்' ஆல்பத்தில் கவனமாகக் கட்டிய கற்பனைப் பெண் அப்படித்தான் கரைந்து போனாள். துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு புதிய மிட்ஸ்கியை உருவாக்கின: எப்போதும் அழுதுகொண்டிருக்கும், நம் அழுகையைப் புரிந்துகொள்ளும் 'சேட் கேர்ள்'. மிட்ஸ்கி கேட்டாலே அழுவோம் என்பது ஓர் அடையாளமானது, மீம் ஆனது. கட்டுப்பாட்டைப் பற்றி எழுதியவர் கட்டுப்பாடில்லாத துக்கத்தின் சின்னம் ஆனார். இது கையை மீறிப் போன இரண்டாவது இடம். அந்தப் பட்டம் பழசாகிவிட்டது, போதும் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியும் அது உதிரவில்லை.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளி மூடி, நண்பர்கள் இல்லாமல், நாளைக்கு என்ன என்று தெரியாமல் இருந்த வயதில் ஒரு குரல் துணைக்கு வந்திருக்கிறது. அது பெரிய விஷயம். பிரச்சினை அவர்கள் அழுததில் இல்லை. பாட்டு தந்த ஆறுதலைப் பாடியவர் நேரில் தந்ததாக நினைத்துக்கொண்டதில் இருக்கிறது.

திரும்பி வந்தபோது

2021 அக்டோபரில் 'வொர்க்கிங் ஃபார் த நைஃப்' வந்தது. காணொளியை இயக்கியவர் ஸியா ஆங்கர், மிட்ஸ்கியின் முந்தைய காணொளிகள் சிலவற்றையும் எடுத்தவர். ஆல்பனி நகரின் 'த எக்' அரங்குக்குள் கவ்பாய் தொப்பியும் நீள அங்கியுமாக மிட்ஸ்கி நடந்து வருகிறார். தொப்பி போகிறது, அங்கி போகிறது. ஆள் இல்லாத மேடையில் உடம்பை வருத்தி ஆடுகிறார். இசை நின்ற பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. மூச்சு வாங்குவதும் கால் தரையில் அடிப்பதும் மட்டும் கேட்கிறது. பழைய உருவத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, தான் செய்வது உடலுழைப்பு என்று காட்டிய காட்சி அது.

2022 பிப்ரவரியில் வந்த 'லாரல் ஹெல்' எண்பதுகளின் சிந்தசைசர் சாயல் கொண்ட ஆல்பம். அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்ட் 200-இல் ஐந்தாம் இடம். அதில் ஒரு பாட்டை டேன் வில்சனோடு சேர்ந்து எழுதினார், அடெலுடன் 'சம்ஒன் லைக் யூ' எழுதியவர் அவர். ஆல்பத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகமில்லை. நல்ல பாடல்கள் உண்டு, மொத்தமாகப் பார்த்தால் கடமைக்கு முடித்த இடங்களும் உண்டு.

அந்த மாதம் நடந்த இன்னொன்றுதான் முக்கியம். அவருடைய மேனேஜ்மென்ட் நடத்தும் ட்விட்டர் கணக்கில், மிட்ஸ்கியே எழுதியதாகச் சில பதிவுகள் வந்தன. கச்சேரி முழுக்க ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் நாம் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கிறோம் என்ற உணர்வு போய்விடுகிறது என்பது சாரம். படம் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை, எச்சரிக்கவும் இல்லை. எதிர்ப்பு சரசரவென்று கிளம்பியது. மனநலக் காரணங்களால் எங்களுக்குக் காட்சிகள் நினைவில் நிற்காது, ஃபோன் எங்களுக்கு அவசியம் என்று சிலர் எழுதினார்கள். காசு கொடுத்து வந்தவர்களுக்குப் பாடம் எடுக்கிறாரா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. பதிவுகள் நீக்கப்பட்டன.

நினைவுச் சிரமம் உள்ளவர்களின் கவலை உண்மையானது, அதை ஒதுக்கக் கூடாது. ஆனாலும் இந்தச் சம்பவத்தில் நான் மிட்ஸ்கியின் பக்கம்தான். 2015-இல் ஒரு சின்ன அறையில் 'ஃபோனைக் கொஞ்சம் கீழே வைக்கலாமா' என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே வைத்திருப்பார்கள். வார்த்தை அதேதான். லட்சக்கணக்கானவர்கள் முன்னால், அதுவும் நிறுவனக் கணக்கிலிருந்து வந்தபோது வேண்டுகோள் கட்டளையாகக் கேட்டது. விலகிப் போன பிறகு தனி மனுஷியாக ஒருமுறை பேசிப் பார்த்தார், அதற்கு இனி இடமில்லை என்று தெரிந்தது. அந்த ஜூனில் பிரிட்டிஷ் பாப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸின் கச்சேரிகளில் அவருக்கு முன்னால் வெம்பிளி உட்பட இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் ஸ்டேடியங்களிலும் பாடினார். அளவு என்றால் இதற்கு மேல் இல்லை.

மறுபடி ஆர்கெஸ்ட்ரா

2023 ஜூலையில் ரசிகர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு குரல் பதிவு வந்தது. லேபிளோடு ஒப்பந்தத்தைத் திருத்திப் பேசிவிட்டேன், தொடர்ந்து ஆல்பம் செய்யப்போகிறேன் என்று மிட்ஸ்கி சொன்னார். ஊடகத்தைக் கவனியுங்கள்: குரல் மட்டும், முகம் இல்லை, கீழே கருத்து எழுத இடமும் இல்லை.

செப்டம்பரில் 'த லேண்ட் இஸ் இன்ஹாஸ்பிடபிள் அண்ட் ஸோ ஆர் வீ'. ட்ரூ எரிக்சன் ஆர்கெஸ்ட்ராவை அமைத்து நடத்தினார், பதினேழு பேர் கூட்டுக்குரல் பாடினார்கள். கல்லூரியில் அவர் விட்டுவிட்டு வந்த ஒலி இது. இப்போது அதற்குச் சம்பளம் கொடுக்க முடிகிறது. கூட்டம் பெருகியதால் அவர் அசலிலிருந்து விலகினார் என்பவர்கள் 2013 ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். நடுவில் வந்த கிட்டார்தான் சூழ்நிலை தந்தது.

அதில் 'மை லவ் மைன் ஆல் மைன்' என்ற பாட்டு இரண்டே கால் நிமிடம்தான் ஓடும். அவருடைய பெயரில் முதல்முறையாக அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100-க்குள் நுழைந்து 26-ஆம் இடம் வரை போனது. ஸ்பாட்டிஃபையில் நூறு கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டிருக்கிறது. அழுகைப் பாட்டு இல்லை. தனக்கென்று சொந்தமாக இருப்பது தன் அன்பு ஒன்றுதான், தான் போன பிறகும் அது இங்கே ஒளிர வேண்டும் என்று நிலாவிடம் கேட்கும் பாட்டு. மெதுவான தாளம், குரலில் அவசரமே இல்லை. இதுவும் டிக்டாக்கில்தான் பரவியது. ஆனால் இந்தப் பாட்டைத் துண்டாக வெட்டினாலும் அதன் அமைதி போகவில்லை என்பது என் எண்ணம்.

இளம் கலைஞர்களிடம் 'மிட்ஸ்கி மாதிரி சமூக ஊடகத்தை விட்டு வெளியே வா, பாட்டு தானாகப் பரவும்' என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். அது தவறான புத்திமதி. அவர் வெளியேறியபோது ஐந்து ஆல்பங்கள் இருந்தன, வருடக்கணக்கான கச்சேரிகள் இருந்தன, கணக்குகளைப் பார்த்துக்கொள்ள மேனேஜ்மென்ட் இருந்தது, ஆல்பத்துக்குக் காத்திருக்கும் லேபிள் இருந்தது. டிக்டாக்கில் செய்ய வேண்டிய வேலையை அவருக்காக ரசிகர்கள் செய்தார்கள். முதல் பாட்டை வெளியிடப்போகும் ஒருவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. மௌனமே ஒரு கவர்ச்சியாக ஆனது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஒளிந்ததால் கூடிய மர்மமும் டிக்கெட் விற்றது. அதை அவர் திட்டமிட்டார் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் பலன் அவருக்குத்தான் வந்தது.

2023 இறுதியில் சின்ன இடங்களில், குறைந்த வாத்தியங்களோடு 'அமெச்சூர் மிஸ்டேக்' என்ற பெயரில் சில கச்சேரிகள் செய்தார். 2024-இல் முழுக் குழுவோடு டூர். நியூயார்க்கில் பெரிய அரீனாவில் ஒரே இரவில் முடிக்காமல், பீக்கன் தியேட்டரில் பல இரவுகள் பாடினார். மேடை நடுவே உயர்த்திய ஒரு வட்டத் தளம், அதில் நாற்காலிகள், மேலிருந்து விழும் ஒளி. அசைவுகளை அமைத்தது மறுபடி மிராபைல்தான். 'ஐ பெட் ஆன் லூஸிங் டாக்ஸ்' பாடும்போது நான்கு காலில் நாய் மாதிரி நகர்வார். அமைதியான பாடல்களுக்கு நடுவே சில ரசிகர்கள் கத்துவது, 'அம்மா' என்று கூப்பிடுவது எல்லாம் அந்த டூரில் பேச்சானது. மேடையில் அவர் நின்ற தூரத்தை அந்தச் சத்தத்தால் குறைக்க முடியவில்லை.

அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் மூன்று இரவுகள் நடந்த அந்தக் கச்சேரியை கிராண்ட் ஜேம்ஸ் படமாக்கினார். 'மிட்ஸ்கி: த லேண்ட்' என்ற பெயரில் 2025 அக்டோபரில் திரையரங்குகளில் வெளியானது. ஃபோன் விவகாரத்துக்கு அவர் கடைசியில் கொடுத்த பதில் இது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கச்சேரியை முழுசாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற ரசிகர்களின் ஆசை நிறைவேறியது, எந்தக் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்ற முடிவு அவர் தரப்பிலேயே இருந்தது. நினைவில் வைத்துக்கொள்ள ஃபோன் தேவை என்று 2022-இல் எழுதியவர்களும் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.